பக்கத்து வீட்டுப் பேனா

என் சமையலறை யன்னலும் பக்கத்து வீட்டு மனுசியின் சமையலறை யன்னலும் நேருக்கு நேர். நடுவில் இடுப்பளவு மரவேலியும் ஒரு எலுமிச்சை மரமும்தான். ஆக்லாந்தின் இந்த த்ரீ கிங்ஸ் பகுதியில் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும். அவருடைய வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, தெருவால் சுற்றி வந்து, என் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றி நான் யன்னலடிக்கு வருவதற்குள் அந்த மனுசி மேசையில் குனிந்து எழுதத் தொடங்கியிருப்பார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, போய் வந்த ஒவ்வொரு நாளும். நான் எதிரில் இருக்கும்போது அவர் கையில் பேனாவே இருக்காது.

இதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். கேள்வி கேட்கிறவனையும், கேட்டதை எழுதிவைக்கிறவனையும் கண்டால் விலகிப் போ என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் வளர்ந்த காலத்து யாழ்ப்பாணத்தில் அது வெறும் புத்திமதி இல்லை. வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காக ஆட்கள் காணாமல் போனார்கள். ஆக்லாந்துக்கு வந்து எவ்வளவோ காலமாகியும், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனிடம்கூடக் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல்தான் பேசுவேன். என் மகள் இதைச் சொல்லிச் சிநேகிதிகளோடு சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் இங்கே பிறந்தவள்.

பக்கத்து வீட்டுக்காரர் அயர்லாந்துக்காரி, எழுபதைத் தாண்டியவர். அந்த நாட்டின் மேற்குக் கரையில், ஆங்கிலத்துக்குப் பதிலாக ஐரிஷ் மொழியையே வீட்டில் பேசுகிற ஓர் ஊரில் பிறந்தவர். இளம் வயதில் அந்த மொழியில் இரண்டு மெல்லிய கவிதைப் புத்தகங்கள் போட்டாராம். கணவரோடு இங்கே வந்து, ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். என் கணவர் இருந்தவரைக்கும் அவர் எங்களுக்கு வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் நீட்டுகிற கை மட்டும்தான்.

என் கணவர் மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் இரவு வேலை செய்தார். ஒரு விடியற்காலையில், வேலை முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றவர் அங்கேயே விழுந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது சப்பாத்துக்கூடக் கழற்றப்படவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும்போது, அவருடைய படம் போட்டு ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, வருகிறவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று தலைப்புப் போட்டு வெண்பாவும் விருத்தமுமாகப் பாட்டுகள் இருக்கும். புலம்புகிறவர்கள் யாரும் அவற்றை எழுதுவதில்லை. எழுதித் தருவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். என் மகள் வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பிடித்தாள். அவர் டொரொன்டோவில் இருந்தார். பெயர்களையும் ஊரையும் அனுப்பினாள், பாட்டுகள் வந்தன, மவுண்ட் ரோஸ்கிலில் அச்சடித்தோம்.

புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் நான் என் புலம்பலை வாசித்தேன்.

'கட்டிய தாலி கலங்கிட என்னை
விட்டுப் பிரிந்து விண்ணகம் ஏகிக்
கனடா மண்ணில் கண்மூ டினீரோ.'

கனடா மண்ணில்! என் கணவர் தன் ஆயுளில் கனடாவை எட்டிப் பார்த்ததில்லை. யாருக்கோ எழுதிய பாட்டில் பெயரை மட்டும் மாற்றியவர் நாட்டை மாற்ற மறந்துவிட்டார். நான் மகளுக்குக் காட்டினேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டைப்போ. ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்" என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு, கல்வெட்டையும் அதோடு கொடுத்த எவர்சில்வர் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். 'உன்ர மனுசன் எப்போதடி கனடாவுக்குப் போனவர்?' என்று கேட்க ஒரு நாய்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

மகள் பக்கத்து வீட்டையும் அந்தியேட்டிக்குக் கூப்பிட்டிருந்தாள். அவரும் வந்து, தரையில் இருக்க முடியாமல் ஒரு கதிரையில் இருந்து, பாயாசம் குடித்துவிட்டுத் தன் பங்குப் புத்தகத்தோடும் டம்ளரோடும் போனார். மறுநாள் காலையில் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் கதவில் நின்றார். சங்கிலியைக் கழற்றாமல்தான் பேசினேன்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

அத்தனை பேரில் அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டவர், அதை வாசிக்கத் தெரியாத ஒருவர்தான். சங்கிலியைக் கழற்றினேன்.

ஒவ்வொரு தலைப்பாகச் சொல்லி, பாட்டுக்கு என் ஆங்கிலத்தில் கருத்துச் சொன்னேன். 'இதை நீங்களா சொன்னீர்கள்?' என்று மனைவி புலம்பலில் விரலை வைத்துக் கேட்டார். இல்லை, கனடாவில் ஒருவர் காசுக்கு எழுதினார் என்றேன். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டார். 'அப்பம்' என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான் என்றேன். அந்த மனுசி சிரிக்கவில்லை. மொழி தெரியாத பிள்ளைகள் அந்த மொழியில் அழுகிறார்கள், அப்படியா என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் ஏறிய வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏலத்தில் மலிந்த சாமானைக் கண்டுபிடித்தவர்களிடம்தான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு தேநீருக்குக் கூப்பிடத் தொடங்கினார். நானும் போனேன். வீட்டில் கிடந்து சுவரோடு பேசுவதைவிட அது மேல் என்று பட்டது. அவர் நிறையக் கேட்பார், குறைவாகச் சொல்வார். கணவர் இறந்த பிறகு தனக்கு ஒரு வரிகூட வரவில்லை என்று சொன்னார். இந்த ஊரில் அந்த மொழியில் தனக்குப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தானாம். மகன் சிட்னியில், ஆங்கிலம் மட்டும் பேசுவான். கேட்க ஆளில்லாமல் யாருக்கு எழுதுவது என்று விட்டுவிட்டாராம்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "அந்தக் கனடாக்காரர் எழுதியது இருக்கட்டும். நீங்கள் சொல்வதென்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது. நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை செய்துகொண்டிருந்தேன். என் கணவர் வேலை முடித்து வருவதும் நான் வேலைக்குப் புறப்படுவதும் ஒரே நேரம். எங்கள் கலியாண வாழ்க்கையின் பெரும்பகுதி வாசற்படியில்தான் நடந்தது. குளிர்காலத்தில் அவர் வந்த கையோடு என் காரை ஸ்டார்ட் பண்ணி, ஹீற்றரைப் போட்டு, முன்கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்பாக ஒரு சொல் வராது. 'கார் சூடாக்கிடக்கு, போம்' என்பார். செத்தவீட்டில் நான் அழவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அழுகை வரவில்லை. ஜூலைதான் இங்கே குளிர்காலம், முதல் குளிர் விழுந்த காலையில் காருக்குள் ஏறி இருந்தேன். கண்ணாடி வெள்ளையாகக் கிடந்தது, ஸ்டியரிங் ஐஸ் மாதிரி. அப்போதுதான் வந்தது. அழுகை மட்டுமல்ல, வாயில் வந்தபடி அவரைத் திட்டினேன். செத்தவரை, வாயால் சொல்லக்கூடாத சொற்களால் திட்டினேன். இதை நான் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

வேலி சுற்றி வீட்டுக்கு வந்து பார்த்தால், யன்னலுக்கு அந்தப் பக்கம் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

எழுத்து நின்றுபோனது என்று சொன்னவர் அல்லவா? நின்றுபோன குழாயில் இப்படித் தண்ணீர் வருமா? எங்கிருந்து வந்தது? என் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கூட வேலை செய்த சிநேகிதியிடம் சொன்னேன். அவளும் யாழ்ப்பாணத்தாள், பாபடோயிட்டோயிலிருந்து வேலைக்கு வருகிறவள்.

"ஐயோ அக்கா, உங்களுக்கென்ன விசரே? உதுகளுக்கு எல்லாத்தையும் கக்கி வைச்சிருக்கிறியள். நாளைக்குப் புத்தகமா வந்தால்?"

"எங்கட சனத்துக்கு விளங்காத பாஷையிலதானே எழுதுறா."

"அதுதான் பயம். என்ன எழுதியிருக்கிறா எண்டு நீங்களும் பாக்கேலாது."

அவள் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆங்கிலம் என்றால் மகளாவது வாசித்துச் சொல்வாள். இது ஆங்கில எழுத்து, ஆனால் ஒரு சொல்லும் பிடிபடாது. என்னுடைய வீட்டுக் கதை நான் எட்ட முடியாத ஒரு அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிட்டது. கணவர் செத்த நாடே பிழையாகிவிட்ட புத்தகம் ஒன்று போதாதா? என் கெட்ட வார்த்தைகளோடு இன்னொரு புத்தகமும் வர வேண்டுமா?

தேநீருக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் பேச்சை மாற்றினேன். சமையல், காலநிலை, முட்டை விலை. அப்படியும் அவர் எழுதினார். முட்டை விலையிலிருந்துமா கவிதை வரும்? எனக்கு அது இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது. அவருடைய தோற்றமும் மாறிக்கொண்டு வந்தது. தலைமயிரை வெட்டிக்கொண்டார். காலையில் பாட்டுப் பாடினார். கண்ணில் புரை இருந்ததால் கார் ஓட்டுவதை விட்டவர், த்ரீ கிங்ஸ் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வரத் தொடங்கினார். என்னை உறிஞ்சி அவர் பருக்கிறார் என்று நான் உண்மையாகவே நினைத்தேன்.

கோடையில் யன்னலைத் திறந்து வைத்து, எழுதியதை உரக்க வாசித்துப் பார்ப்பார். நான் கோப்பை கழுவுகிற சாட்டில் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுப்பேன். எந்த மொழியானாலும் பெயர் பெயர்தானே. என் கணவருடைய பெயர் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் ஒரு நாள், அந்தப் புரியாத சத்தங்களுக்கு நடுவில், தெளிவாக, மங்கரே என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறையும் வந்தது.

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். மங்கரேயில் இவருக்கு என்ன வேலை? மங்கரேயில் விழுந்தது என்னுடைய ஆள்.

அன்று பின்னேரமே போய் நேராகக் கேட்டேன். 'என் கணவர் உங்கள் கவிதையில் இருக்கிறாரா?' அவர் கெண்டியை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, 'இல்லை' என்றார். நான் சொன்ன எதுவும் இருக்கிறதா என்றேன். 'இல்லை. நான் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்' என்றார். கண் சிமிட்டாமல்தான் சொன்னார். பொய் சொல்கிறவர்களும் கண் சிமிட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

அடுத்த ஜூலையில் எங்கள் பகுதி நூலகத்தில் அவர் கவிதை வாசிக்க ஏற்பாடானது. சனிக்கிழமைப் பின்னேரம். ஒவ்வொன்றையும் ஐரிஷில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் கருத்தும் சொல்வார் என்று அறிவித்திருந்தார்கள். கார் இல்லாத அவரை நானே ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னேன். உபகாரம் என்று அவர் நினைத்திருப்பார். என் கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். நான் என் கணவரைத் திட்டிய அந்தக் காலைப்பொழுது அதில் வந்தால் எழுந்து நின்று 'இது என்னுடையது' என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். காரில் போகும்போது அந்த ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

இருபது இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. நான் முதல் வரிசையில் இருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: 'என் பக்கத்து வீட்டில் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். வாசிக்க முடியாத புத்தகம். அதில் அழத் தெரியாதவர்களுக்குப் பதிலாக வேறு யாரோ அழுதிருந்தார்கள். எனக்குக் கேட்க ஆளில்லை என்று இவ்வளவு காலம் எழுதாமல் இருந்தேன். கேட்க ஆள் வேண்டாம், பேசுகிற ஆட்களை நாமே உண்டாக்கலாம் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.'

வந்துவிட்டது என்று நினைத்தேன். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் மனைவி புலம்பல். எங்கள் கல்வெட்டில் இருக்கிற அதே ஒழுங்கு. மங்கரே வந்தது. அவரும் கணவரும் முதன்முதலில் மங்கரேயில் வந்து இறங்கியபோது, கணவர் கோட்டுப் பைக்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த கடற்பாசியை விமான நிலையத்துச் சுங்க அதிகாரி பிடித்துக் குப்பையில் போட்டாராம். கணவர் ஐரிஷில் அவரைக் கிழிகிழியென்று கிழித்தாராம். அதிகாரி சிரித்துக்கொண்டே 'வெல்கம்' என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். என் வேப்பம்பூ வடகமும் அதே குப்பைத்தொட்டிக்குத்தான் போனது. ஆனால் நான் சிரிக்கவில்லை, அடுத்ததுக்குக் காத்திருந்தேன்.

மகன் புலம்பல் வந்தது. தனக்குத் தெரியாத மொழியில் சிட்னியிலிருந்து அழுதான். அதன்பிறகு அவர் அயலவர் புலம்பல் என்றார்.

நான் நிமிர்ந்தேன். அயலவர் நான்தானே. சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நான் இல்லை. எங்களுக்கு முன் எங்கள் வீட்டில் இருந்த சமோவாக்காரர். அவர் இந்த மனுசியின் கணவரிடம் ஓர் ஏணி இரவல் வாங்கியிருந்தாராம். இனி இந்த ஏணியை யாரிடம் திருப்பிக் கொடுப்பேன், யாருடைய வேலியில் சாய்த்து வைப்பேன் என்று அழுகிறார். அந்த ஏணி இப்போதும் எங்கள் கராஜில் இருக்கிறது. வீட்டோடு வந்தது என்று நினைத்திருந்தோம். மழைக்கு முன்னால் என் கணவர் அதில் ஏறித்தான் தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் அடைத்த இலைகளை அள்ளிப் போடுவார். நான் கீழே நின்று பிடிப்பேன்.

ஏணி வந்தது. ஏணியில் ஏறினவர் வரவில்லை.

கடைசிவரை இருந்தேன். அவர் சொன்னது உண்மைதான். என்னுடைய கார் இல்லை, பனி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, என் கணவர் இல்லை. ஆட்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவருடைய கையைப் பிடித்தார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலும் அவமானமும்தான் வந்தது. இத்தனை மாதமும் எது களவு போய்விடும் என்று காவல் இருந்தேனோ, அதை எடுத்திருக்கமாட்டாரா என்றுதான் ஏங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது எனக்கு மிஞ்சியது கனடா மண் மட்டும்தான்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினோம். எங்கள் இருவருடைய மூச்சிலும் முன்கண்ணாடி மூடிக்கொண்டது. சாவியில் கையை வைத்தபடி கேட்டேன்.

"ஏன் அவரை விட்டுவிட்டீர்கள்?"

"அவரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அவர்.

என் வாய் அன்றும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் இந்தமுறை ஆங்கிலத்தில் வரவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றேன், முன்கண்ணாடியைப் பார்த்து. "கண்ணாடி முழுக்க மூடிக் கிடக்கு. ஆர் வந்து துடைக்கிறது? கார் சூடாக்கிடக்கு, போம் எண்டு சொல்ல ஆர் இருக்கினம்? நீங்கள் கனடாவில செத்ததெண்டு அச்சடிச்சுக் குடுத்தாச்சு. ஒரு சனமும் கேக்கேல்லை. நீங்கள் கனடாவில சாகேல்லை. மங்கரேயில, விடியக் காத்தால, சப்பாத்தும் கழட்டாமல் கிடந்தனீங்கள். நான்தான் கழட்டினனான். உங்கட காலுறையில ஓட்டை. புதுசு வாங்கி வைச்சிருந்தனான், ஏன் போடேல்லை? ஏன் போடேல்லை எண்டு கேக்கிறன்."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாதியில் அழுகையும் கலந்துவிட்டது. நான் முடித்த பிறகு அவர் தன் சால்வை நுனியால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எட்டி என் பக்கத்தையும் துடைத்தார். நான் காரை எடுத்தேன். என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவேயில்லை. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிற மனுசி இதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். பழக்கதோஷத்தில் போகிற யன்னலடிக்கு அன்று போகவில்லை. பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் இருந்தேன். காரில் சொன்னதை மறப்பதற்குள், சொன்னபடியே, காலுறை ஓட்டையிலிருந்து எழுதத் தொடங்கினேன். கொஞ்சநேரம் கழித்து நிமிர்ந்தபோது எதிர் யன்னலில் விளக்கு எரிந்தது. அந்த மனுசி தேநீர்க் கோப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.